வேப்பமரத்து மருந்து

ஒரு கிராமத்து வீடு. மூன்று மாதக் கைக்குழந்தை விடாமல் அழுகிறது. அதன் வயிறு உப்பியிருக்கிறது.

பாட்டி அலமாரியைத் திறக்கிறார். வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுக்கிறார். ஒரு கரண்டியில் எண்ணெயை ஊற்றுகிறார். குழந்தையின் வாய் அருகே கொண்டுபோகிறார்.

அந்த நேரத்தில் ஊர் நர்ஸ் உள்ளே வருகிறார்.

“பாட்டி, கொடுக்காதீர்கள்!” என்கிறார்.

“ஏன் மகளே? இது கடைச் சரக்கு இல்லை. எங்கள் வாசல் மரத்து விதையில் ஆட்டிய எண்ணெய். வேம்பு யாருக்காவது கெடுதல் செய்யுமா?”

“வேம்பு நல்ல மரம்தான் பாட்டி. ஆனால் மருந்து என்றால் அளவு உண்டு. ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.”

பாட்டி சொல்வது சரியா? நர்ஸ் சொல்வது சரியா? வாருங்கள், பார்க்கலாம்.

நாடெங்கும் வேம்பு

நம் நாட்டில் வேம்பைத் தெரியாதவர் இல்லை. இந்தியில் இதை நீம் என்பார்கள். கன்னடத்தில் பேவு என்பார்கள். வடமொழியில் நிம்பம் என்று பெயர்.

ஆந்திரத்தில் உகாதி அன்று வேப்பம்பூப் பச்சடி செய்வார்கள். மராட்டியத்தில் குடிபாட்வா அன்று வேப்பிலையை வெல்லத்துடன் உண்பார்கள். வங்காளத்தில் இளவேனில் காலத்தில் வேப்பந்தளிரையும் கத்தரிக்காயையும் வறுத்துச் சோற்றுடன் சாப்பிடுவார்கள். வட மாநிலங்களில் காலையில் வேப்பங்குச்சியால் பல் துலக்குவார்கள்.

ஆயுர்வேதம் சொல்வது என்ன?

ஆயுர்வேதம் நம் நாட்டின் பழைய மருத்துவம். அது சுவைகளை ஆறாகப் பிரிக்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கசப்பு, துவர்ப்பு. வேம்பின் முதல் சுவை கசப்பு.

கசப்பு பித்தத்தையும் கபத்தையும் குறைக்கும் என்கிறது ஆயுர்வேதம். உடம்புச் சூடு, எரிச்சல், கட்டி, அரிப்பு இவற்றுக்கு வேம்பைச் சேர்ப்பது இதனால்தான்.

சரக சம்ஹிதை என்பது பழைய ஆயுர்வேத நூல். அரிப்பைப் போக்கும் 10 மூலிகைகளை அது ஒரு தொகுதியாகச் சொல்கிறது. அந்தப் பத்தில் வேம்பும் ஒன்று.

வேம்பின் இலை, பூ, பழம், பட்டை, வேர் ஐந்தும் மருந்துக்கு உதவும். இந்த ஐந்தையும் சேர்த்துப் பஞ்சநிம்பம் என்பார்கள்.

ஆனால் ஆயுர்வேதம் இன்னொன்றும் சொல்கிறது. கசப்பு மிகுந்தால் வாதம் கூடும். உடல் வறளும், மெலியும். அதனால் வைத்தியர் முதலில் ஆளைப் பார்ப்பார். வயதையும் உடல்வாகையும் பார்ப்பார். பிறகுதான் எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்வார். ‘வேம்பு எல்லோருக்கும் நல்லது, எவ்வளவும் நல்லது’ என்று ஆயுர்வேதம் சொல்லவில்லை.

வெளியே பயன்படுத்துவது எப்படி?

வேம்பு பெரிதும் உதவுவது தோலுக்கு. உடம்பு அரிக்கிறதா? இரண்டு கைப்பிடி வேப்பிலையை நன்றாகக் கழுவுங்கள். ஒரு பானைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். ஆறியதும் வடிகட்டி, அந்த நீரில் குளிக்கலாம்.

சொறி சிரங்குக்கு வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. இதை மருத்துவர்கள் சோதித்தும் பார்த்தார்கள். 814 பேருக்கு இந்த விழுதைப் பூசினார்கள். 100 பேருக்கு 97 பேர் வீதம் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமானார்கள். இந்தச் செய்தி 1992-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிரங்கு ஒட்டும் நோய். ஒருவருக்கு மட்டும் பூசினால் போதாது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகும் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொசுவை விரட்டவும் வேப்பெண்ணெய் உதவும். தில்லியில் இருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் இதைச் சோதித்தார்கள். 98 பங்கு தேங்காயெண்ணெயில் 2 பங்கு வேப்பெண்ணெய் கலந்து உடம்பில் பூசினார்கள். மலேரியாக் கொசு கடிக்கவில்லை. இது 1993-இல் வெளிவந்தது. ஆனாலும் கொசுவலையை விட்டுவிடக் கூடாது.

இப்படிப் பல வேலை செய்யும் பொருள் வேம்பில் எங்கே இருக்கிறது? 1942-இல் சலிமுஸ்ஸமான் சித்திகி என்ற விஞ்ஞானி வேப்பெண்ணெயை ஆராய்ந்தார். அதிலிருந்து நிம்பின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு இன்னும் பல பொருள்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

வேலை செய்யும் பொருள் எதுவும் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். வேம்பும் அப்படித்தான்.

கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் கொடுக்கவே கூடாது. குடித்த சிறிது நேரத்தில் குழந்தை வாந்தி எடுக்கலாம். மயங்கிக் கிடக்கலாம். மூச்சு வேகமாக வாங்கலாம். வலிப்பு வரலாம். மூளையும் ஈரலும் பாதிக்கும். உயிரே போகலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூடக் குழந்தைக்கு நஞ்சாகும். 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள்.

கர்ப்பிணிகள் வேப்பெண்ணெயையோ வேம்பு மருந்தையோ உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. கரு கலையும் ஆபத்து உண்டு. குழந்தைக்காகக் காத்திருக்கும் கணவன் மனைவியும் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டு வேப்பிலைச் சாறு குடிக்கிறார்கள். இது தவறு. மாத்திரையையும் சாற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாலும் ஆபத்து. சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

பாம்பு கடித்தால் சில ஊர்களில் வேப்பிலையை மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை என்பார்கள். இதை நம்பி நேரத்தைக் கழிக்கக் கூடாது. கசந்தாலும் சரி, கசக்காவிட்டாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

அம்மை கண்டவர் பக்கத்தில் வேப்பிலை வைப்பது வழக்கம். அரிப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் பெரியம்மை ஒழிந்தது தடுப்பூசியால்தான். 1975-க்குப் பிறகு நம் நாட்டில் அது பரவவில்லை. உலகத்தில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பாட்டி என்ன செய்தார்?

நர்ஸ் இதை எல்லாம் சொன்னார். பாட்டி கரண்டியில் இருந்த எண்ணெயைப் புட்டியில் திரும்ப ஊற்றினார். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

“இப்போது குழந்தைக்கு என்ன செய்வது மகளே?”

“பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுங்கள், பாட்டி. ஏப்பம் வந்தால் வயிறு லேசாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வேறு எண்ணெய், மருந்து, தண்ணீர் எதுவும் வேண்டாம். அழுகை நிற்காவிட்டாலோ வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.”

பாட்டி குழந்தையைத் தோளில் சாய்த்தார். மெல்லத் தட்டினார். சற்று நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது. குழந்தை கண் மூடியது.

“அப்படியானால் வாசல் மரத்தை என்ன செய்ய?” என்று பாட்டி சிரித்தார்.

“நன்றாக வளருங்கள். நிழலில் உட்காருங்கள். இலையைப் பறித்துக் குளியுங்கள். உள்ளுக்குச் சாப்பிடுவது என்றால் மட்டும் வைத்தியரைக் கேளுங்கள்” என்றார் நர்ஸ்.

நினைவில் வைப்போம்

1. வேம்பு தோலுக்கு நல்லது.
2. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டக் கூடாது.
3. கர்ப்பிணிகள் வேம்பு மருந்து சாப்பிடக் கூடாது.
4. பாம்புக்கடிக்கு வேப்பிலை மருந்து இல்லை.

கலந்து பேசுவோம்

உங்கள் ஊரில் வேம்பை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்? அவற்றில் எதைத் தொடரலாம்? எதை விட வேண்டும்?