இழப்பின் நடுவில் நன்றி கூறுதல்

நன்றி கூறுங்கள் என்னும் போதனை இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் காதில் எப்படி விழும்? வயலை விட்டு வந்தாயிற்று. கிணறும் பனைகளும் மாடுகளும் பின்னால் நின்றுவிட்டன. சேர்த்து வைத்த விதைநெல்லும் போயிற்று. இந்நிலையில் உள்ளவர்களை நன்றி சொல்லும்படி கேட்பது, பட்ட துன்பத்தைப் பற்றிப் பேசாதிருக்கும்படி கேட்பது போலத் தோன்றலாம். "எதற்காக நன்றி கூறவேண்டும்?" என்று ஒரு தாய் கேட்டால், அதை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அது நேர்மையான கேள்வி. விவிலியம் அதற்குத் தரும் விடையை இங்கு நோக்குவோம்.

கமக்காரனின் மன்றாட்டு

இணைச் சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில் ஒரு கமக்காரன் வருகிறான். நிலத்தின் முதற்பலனை ஒரு கூடையில் வைத்து அவன் இறைவனின் சந்நிதிக்குக் கொண்டுவருகிறான். குரு அதை வாங்கிப் பீடத்தின் முன் வைக்கிறார். தைப்பூசத்தில் புதிர் எடுக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான காட்சியன்று.

ஆனால் அப்போது அவன் சொல்லவேண்டிய மன்றாட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. விளைச்சலைப் பற்றி அவன் தொடங்குவதில்லை. தன் மூதாதை நாடோடியாக அலைந்தவர் என்று தொடங்குகிறான். எகிப்தில் அந்நியராய் வாழ்ந்ததையும், எகிப்தியர் தங்களைக் கொடுமைப்படுத்தியதையும், தாங்கள் கடவுளை நோக்கிக் கூக்குரலிட்டதையும், அவர் அதைக் கேட்டு விடுவித்ததையும் ஒழுங்காகச் சொல்கிறான். அதன் பின்னரே கூடையைப் பற்றிப் பேசுகிறான்.

இதில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, நன்றி கூறுபவன் தன் துன்ப வரலாற்றை மறைக்கவில்லை. அந்த வரலாறே அவனுடைய நன்றியின் முதற்பகுதியாக இருக்கிறது. இரண்டாவது, கொடுமை செய்தவர் யார் என்பதையும் அவன் சொல்கிறான். கொடுமைக்காக அவன் நன்றி கூறவில்லை. கூக்குரலைக் கேட்ட கடவுளுக்கே நன்றி கூறுகிறான். மூன்றாவது, அந்த மகிழ்ச்சியில் நிலமில்லாத லேவியருக்கும் அந்நியருக்கும் பங்கு உண்டு. மூன்றாம் ஆண்டில் விளைச்சலின் பத்திலொரு பங்கு அவர்களுக்கும், அநாதைகளுக்கும், கைம்பெண்களுக்கும் கொடுக்கப்படவேண்டும் என்று அதே அதிகாரம் தொடர்ந்து சொல்கிறது. நினைவு, முறையீடு, பகிர்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததே விவிலியம் காட்டும் நன்றி.

இயேசுவும் இவ்வழியிலேயே நின்றார். நற்கருணையைக் குறிக்கும் 'எவுக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள் நன்றி கூறுதல் என்பதாகும். அப்பத்தை எடுத்து அவர் நன்றி கூறியது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். அதே இரவிலேயே கெத்சமனியில் துயருற்று, அந்தத் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என்றும் மன்றாடினார். எந்நிலையிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கருக்கு எழுதிய பவுலும், தாம் பட்ட அடிகளையும் சிறைவாசத்தையும் கப்பற்சேதத்தையும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் எண்ணிக் காட்டுகிறார். அழுகையும் நன்றியும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம்.

நம் நாட்டுத் திருச்சபையும் இதனை அறிந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் துன்புறுத்தலின்போது, 1670இல், மாந்தைப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தோடு வன்னிக் காட்டுக்குள் தஞ்சம் புகுந்தன என்பது மடுத் திருப்பதியின் வரலாறு. 1990ஆம் ஆண்டிலிருந்து அதே திருப்பதி வளாகம் பல்லாயிரம் அகதிகளுக்குத் தங்குமிடமாயிற்று. 2008 ஏப்ரலில் போரின் காரணமாகத் திருச்சுரூபமே அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் திரும்பி வந்தது. ஆவணித் திருவிழாவில் மடுவில் நன்றி செலுத்துகின்ற நாம், இடம்பெயர்ந்தோர் எழுப்பிய ஓர் ஆலயத்திலேயே நிற்கிறோம்.

நன்றி வேறு, அடங்கியிருத்தல் வேறு

இங்கு ஒரு மயக்கம் தீரவேண்டும். நிவாரணம் பெறுபவர் எப்போதும் தலைகுனிந்து நிற்கவேண்டும், குறை சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இதற்கு நன்றி என்று பெயர் வைக்கக்கூடாது. மக்களை அடக்கியாளும் அரசர்கள் தங்களை நன்மை செய்பவர்கள் என்று அழைத்துக்கொள்வதைச் சுட்டிக்காட்டிய இயேசு, தம் சீடர் அவ்வாறு இருக்கலாகாது என்று எச்சரித்தார் (லூக்கா 22).

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் 30 உள்ளன. மனிதாபிமான உதவி அளிக்கும் முதற்கடமை அந்தந்த நாட்டின் அதிகாரிகளுடையது என்றும், மக்கள் தாமாக விரும்பி, பாதுகாப்போடும் மதிப்போடும் திரும்புவதற்கோ வேறிடத்தில் குடியேறுவதற்கோ வழிசெய்வது அவர்களது பொறுப்பு என்றும் அவை கூறுகின்றன. விட்டுவந்த சொத்தை மீளப்பெற உதவுவதும், அது இயலாதபோது தகுந்த நட்டஈடு பெற உதவுவதும் அவர்களின் கடமையே. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. தம் காணியைக் கேட்கும் இவர்களை நன்றி மறந்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

அதேவேளை, உதவியை அன்போடு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்வது நம் மதிப்பைக் குறைப்பதில்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியதும்கூட ஒரு மனிதரின் கையால்தான் நம்மை வந்தடைகிறது.

நாளாந்த வாழ்வில்

இந்த மனநிலையைக் குடும்பத்தில் வளர்க்கச் சில எளிய வழிகள் உள்ளன.

1. இரவில் ஐந்து நிமிடம். லொயோலா புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் ஆன்ம சோதனையை ஐந்து படிகளாக வகுத்தார். குற்றங்களைத் தேடுமுன், பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுவதையே முதற்படியாக வைத்தார். குடும்ப செபத்தின்போது ஒவ்வொருவரும் அன்று பெற்ற நன்மை ஒன்றைச் சொல்லலாம். அன்றைய வேதனை ஒன்றையும் சொல்ல இடம் கொடுங்கள். நன்மை எதுவும் தோன்றாத நாளில் பிள்ளையை வற்புறுத்தவேண்டாம். மற்றவர் சொல்வதைக் கேட்டிருப்பதே போதும்.

2. வீட்டுக்குள் தொடங்குங்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, பின்னர் கூலி வேலைக்கும் போகின்ற மனைவிக்கோ தாய்க்கோ நாம் நன்றி சொல்வது அரிது. வாயால் சொல்லுங்கள், குடத்தை நீங்கள் தூக்கினால் அது இன்னும் நல்ல நன்றி.

3. இடம் தந்தவர்களை மறவாதீர்கள். வளவில் கொட்டில் போடவும் கிணற்றில் அள்ளவும் விட்டவர்களோடு, நாட்கள் நீளும்போது மனக்கசப்பு வருவது இயல்பு. வீட்டுத் தோட்டத்தின் முதல் கத்தரிக்காய் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

4. பிடி அரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடியை வேறு பாத்திரத்தில் சேர்த்து வாருங்கள். மாத முடிவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, நோயாளியோ தனித்த முதியவரோ உள்ள வீட்டுக்குக் கொடுக்கலாம். வாங்கி வாங்கி வாழ்பவர்கள் என்ற எண்ணத்திலிருந்து இது நம்மை விடுவிக்கும். கொடுக்க இயலாத வாரத்தில் மனம் நோகவேண்டாம்.

5. நன்மை செய்தவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்த வழியில் தண்ணீர் தந்தவரையும், வண்டியில் ஏற்றியவரையும், அவர் எந்தச் சமயத்தவராயினும், பெயர் சொல்லி நினைவுகூருங்கள். குணமாக்கப்பட்ட பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒரு சமாரியர் என்பதை லூக்கா குறிப்பாக எழுதுகிறார். மற்ற ஒன்பது பேரிடமிருந்தும் இயேசு சுகத்தைத் திருப்பி எடுக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. நன்றியைப் பெறுவதற்காகக் கடவுள் நன்மை செய்வதில்லை.

நாட்டுவதும் மறவாதிருப்பதும்

தற்காலிகக் காணியில் மரம் நாட்டினால் சொந்த ஊரைக் கைவிட்டதாக ஆகுமோ என்று சிலர் தயங்குகின்றனர். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் (29ஆம் அதிகாரம்), வீடு கட்டவும், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணவும், இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடவும் சொல்கிறது. அதே கடிதம் ஊர் திரும்பும் காலத்தையும் வாக்களிக்கிறது. ஆகவே, இருக்கும் இடத்தில் முருங்கைத் தடி ஒன்றை ஊன்றுங்கள். நாலு கத்தரிக்கன்றும் வையுங்கள். காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ பத்திரப்படுத்தி, அதன் பிரதியொன்றை நம்பிக்கையான வேறோரிடத்திலும் வையுங்கள். ஊரின் பெயரையும் வயலின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வருகின்ற பெரும்போக அறுவடையின்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு காணிக்கையோடு ஆலயத்துக்கு வரலாம். கதிர் இல்லாதவர் ஒரு பிடி கீரை கொண்டுவரட்டும். அதுவும் இல்லாதவர் வெறுங்கையோடு வரட்டும். பீடத்தின் முன் ஒவ்வொரு குடும்பத்தின் சார்பிலும் ஒருவர், எந்த ஊரிலிருந்து வந்தோம், எதை இழந்தோம், யார் கைகொடுத்தார்கள், இன்னும் எதைக் கேட்டு நிற்கிறோம் என்று சொல்லட்டும். சொல்லி முடித்தபின் கொண்டுவந்ததைச் சேர்த்துச் சமைத்து எல்லோரும் உண்போம். வெறுங்கையோடு வந்தவருக்கு முதலில் பரிமாறுவோம்.