எல்லை கடந்த ஆசிரியர் சமூகம்: பாரசீக மொழி தரும் படிப்பினை

கல்வித் திட்டங்களில் பள்ளிக் கட்டிடங்களுக்கும் பாடநூல்களுக்கும் நிதி ஒதுக்கப்படுகிறது. ஆனால், ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரிடமிருந்து கற்பதற்கான ஏற்பாடு பெரும்பாலும் எவருடைய பொறுப்பாகவும் அமைவதில்லை. ஒரே தொழிலில் ஈடுபட்டோர் கூடிப் பழகுவதாலேயே தொழிலறிவு வளர்கிறது என்ற கருத்தை ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991-இல் விளக்கினர். இத்தகைய தொழில்முறைச் சமூகத்தை நாட்டெல்லைகளைக் கடந்தும் அமைக்க இன்று இணையம் வழிசெய்கிறது. எனினும், கருவி கிடைப்பதாலேயே சமூகம் உருவாகிவிடுவதில்லை. பாரசீக மொழி பேசும் ஆசிரியர்களின் நிலை இதற்குத் தக்க சான்று.

ஒரு மொழி, மூன்று நாடுகள்

ஈரானில் பார்சி, ஆப்கானிஸ்தானில் தரி, தஜிகிஸ்தானில் தாஜிக் என வழங்குவது அடிப்படையில் ஒரே மொழியாகும். ஒரு நாட்டவரின் பேச்சு மற்றவர்க்குப் பெரும்பாலும் விளங்கும். எழுத்தின் நிலை வேறு. ஈரானும் ஆப்கானிஸ்தானும் அரபு எழுத்துகளுடன் நான்கு எழுத்துகளைச் சேர்த்த வரிவடிவத்தைப் பயன்படுத்துகின்றன. தஜிகிஸ்தானிலோ 1940-ஆம் ஆண்டு முதல் சிரில்லிக் வரிவடிவம் நிலவுகிறது. நம் நாட்டில் சிந்தியும் கொங்கணியும் ஒன்றுக்கு மேற்பட்ட வரிவடிவங்களில் எழுதப்படுவதை இங்கு ஒப்பிடலாம்.

கலைச்சொற்களும் வேறுபடுகின்றன. பல்கலைக்கழகத்தை ஈரானில் ‘தானிஷ்கா’ என்பர். ஆப்கானிஸ்தானில் பஷ்தோ மொழிச் சொல்லான ‘போஹந்தூன்’ அரசு வழக்காக உள்ளது. ஈரானிலும் தஜிகிஸ்தானிலும் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஆப்கானிஸ்தானின் குளிர்ப் பகுதிகளில் மார்ச்சில் தொடங்குகிறது. ஆகவே, ஒரே வாரத்தில் எல்லோரும் ஒரே பாடத்தை நடத்துவர் எனக் கொள்ளலாகாது.

அமைப்பு முறை

இவ்வேறுபாடுகளுக்கிடையே பொதுவானது வகுப்பறைச் சிக்கலே. பின்னங்களைக் கற்பிப்பது எப்படி, பல வகுப்பு மாணவர்களை ஒரே அறையில் வைத்து நடத்துவது எப்படி என்பன எங்கும் எழும் கேள்விகள். சமூகத்தின் பணி இவற்றிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துத் தடையை ஒலிப்பதிவுகள் தாண்டும். எழுதப்படும் பாடக்குறிப்புகளை இரு வரிவடிவங்களிலும் தரலாம். கேள்விகளை வகைப்படுத்தி, விடை கிடைக்கும்வரை தொடர்ந்து கவனிக்க ஒருங்கிணைப்பாளர்கள் தேவை. அவர்களுடைய பணிநேரத்துக்கும் நிதி ஒதுக்குவது இன்றியமையாதது.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பயிலத் தடை உள்ளது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு மூடப்பட்டன. மேல்வகுப்பு மாணவியர்க்கு இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர்க்கு, சக ஆசிரியர்களின் துணை பிறரைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆனால், அவர் பெயர் வெளிப்படுவதே அவருக்கு ஆபத்தாகலாம்.

இங்கு ஒரு முரண்பாடு எழுகிறது. ஒருவரையொருவர் அறிந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். அடையாளத்தை மறைத்தால்தான் பாதுகாப்பு நிலைக்கும். இதற்கு ஈரடுக்கு அமைப்பே பொருத்தமானது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவரின் பொறுப்பில் புதியவரைச் சேர்க்கும் சிறு குழுக்கள் ஓர் அடுக்கு. ஆசிரியர் பெயரின்றி அனைவரும் எடுத்தாளக்கூடிய பாடத் தொகுப்பு மற்றோர் அடுக்கு. உறுப்பினர் பட்டியலைப் பொதுவில் வைத்தல் கூடாது.

தொடர்பு எந்நேரமும் கிடைக்கும் எனவும் நம்ப இயலாது. ஈரானில் 2018-இல் டெலிகிராம் தடைசெய்யப்பட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் ஆப்கானிஸ்தான் முழுவதும் ஏறத்தாழ இரு நாள்கள் இணையம் துண்டிக்கப்பட்டது. எனவே, பாடங்கள் கைப்பேசியில் சேமித்துப் பயன்படுத்தத்தக்க சிறு கோப்புகளாக இருத்தல் வேண்டும்.

மதிப்பீடு

இத்தகைய முயற்சிகளைப் பதிவு செய்தோரின் எண்ணிக்கையால் அளவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. 2017-இல் ‘தீக்ஷா’ தளத்தைத் தொடங்கிய நம் நாட்டுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சக ஆசிரியரின் ஆலோசனையால் எத்தனை ஆசிரியர்கள் தம் பாடத்தை மாற்றி நடத்தினர், எத்தனை கேள்விகளுக்குப் பயனுள்ள விடை கிடைத்தது, பாதுகாப்பு குன்றாமல் எத்தனை ஆசிரியைகள் தொடர்ந்து பங்கேற்றனர் என்பனவே உண்மையான அளவுகோல்கள். இவற்றைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளும் திட்டமே நிலைத்த பயன் தரும்.