அட்டை இருந்தும் ஏன் உதவி?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

"ஏழைகளுக்கு அரசாங்கமே காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறதே, பின்னும் எங்கள் காணிக்கை எதற்கு?" என்று சபைகளில் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நீடித்த குடல் நோயாளிகளை வைத்து இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

பெருங்குடல் புண் நோய், குரோன் நோய் என்னும் இரண்டிலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி, உடல் மெலிவு உண்டாகும். மூலம் என்று எண்ணிக் கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பவர்கள் அநேகர். குரோன் நோய் குடல் காசநோயைப் போலவும் தோன்றும். ஆகவே குழாய்க் கருவியால் குடலைப் பார்த்து, சிறு சதைத் துணுக்கைப் பரிசோதித்தே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்து அறுவைச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு இது பெரிய ஆசீர்வாதம்.

ஆனால் இந்நோய் ஒரு அறுவையோடு தீர்வதல்ல. மெசலமைன் போன்ற மாத்திரைகளை வருஷக்கணக்காய் உட்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து சாப்பிடும் மாத்திரைக்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் குடல் நோய்க்கென்று தனிப் பிரிவு சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களில்தான் பெரும்பாலும் உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறது. குடல் நோயாளியோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும்.

தையல் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர், வயிறு சுகமானதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் இரத்தப்போக்கோடு நம் வார்டில் படுத்திருந்தார். ஜெபித்து முடித்தபின் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, பஸ்ஸிலே கக்கூஸ் இல்லையே. அவசரம் வந்தால் என்ன செய்ய? அந்தப் பயத்திலே முந்தின ராத்திரியே பட்டினி கிடப்பேன். அதனாலேதான் போகாமலே விட்டுட்டேன்."

பணக்குறைவோடு வெட்கமும் அவரைத் தடுத்திருந்தது. உங்கள் காணிக்கை அவருக்கு விட்டுப்போன மாதங்களின் மாத்திரையையும், ரயிலில் போய்வரும் செலவையும் தந்தது. இன்று மறுபடியும் தையல் மெஷினில் உட்காருகிறார். நோய் அடங்கியிருக்கிறதே தவிர, அகன்றுவிடவில்லை.

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வாடிய பெண்ணும் கையிலுள்ளதையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்தாள். கூட்டத்தில் மறைந்தே வந்தாள். ஆண்டவர் நின்று, அவளை மகளே என்று அழைத்தார்.

உங்கள் சபையிலும் இப்படி மறைந்திருப்பவர்கள் இருக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று இருந்துவிடாமல் பரிசோதிக்கவும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதிருக்கவும் அவர்களுக்கு அன்பாய்ச் சொல்லுங்கள். அட்டை எட்டாத இடத்தில் உங்கள் கரம் எட்டுகிறது. தொடர்ந்து ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்