பட்டாணிப் பேத்தையை வீட்டிலேயே பெருக்கலாம்

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காடுகளில் திரளும் நீர் சாலக்குடி ஆறாகச் சரிவிறங்குகிறது. பெரியாறு இடுக்கி மலைகளினூடே ஓடிக் கடலைச் சேர்கிறது. இவ்விரு ஆறுகளிலும் பம்பையிலும், பாசியும் நீர்ச்செடியும் மண்டிய மெல்லிய ஓட்டங்களில் வாழ்வது பட்டாணிப் பேத்தை. முழு வளர்ச்சியிலும் சுமார் 3.5 சென்டிமீட்டர்தான், பேத்தை மீன்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. பம்பையில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1941-இல் மீனியல் ஆய்வாளர்கள் ஹோராவும் கே.கே. நாயரும் இதை விவரித்தார்கள். இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் நீந்தும் இந்த மீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனம். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான அச்சுறுத்தலுக்குள்ளான நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல் என்கிறது 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. அவற்றில் முக்கியமான பங்கு இதற்கும் உண்டு. ஆற்றில் பிடிக்காமல் பண்ணையில் பெருக்கி விற்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஒரு கூடலில் ஒரு சில முட்டைகளே விழும், அவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும், குஞ்சுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். இது பண்ணைக்குக் கட்டுப்படியாவது கடினம். லாபக் கணக்குப் பார்க்காத வீட்டுத் தொட்டிக்கோ இதே குணங்கள் தடையே இல்லை.

ஆண்மீனுக்கு வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் நுண்ணிய சுருக்கங்கள் தெரியும்; பெண் உருண்டு பருத்திருக்கும். ஆண்கள் ஒன்றையொன்று விடாமல் துரத்திக் கடிக்கும் என்பதால், செடி அடர்ந்த தொட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் போதும். நத்தை, கொசுப்புழு, இரத்தப்புழு கொடுத்தால் தேறிவிடும். நத்தையின் எதிரே வந்ததும் மீன் அப்படியே நின்று, கண்களைத் தனித்தனியே உருட்டிப் பார்த்து, அலகு போன்ற பல்லால் சட்டென்று கொத்துவது பார்க்கத் தெவிட்டாத காட்சி. இணை சேரும்போது ஆண் பெண்ணை ஜாவா பாசிக்குள் நெருக்கிச் செல்லும். முட்டைகள் அங்கேயே விழும். அந்தப் பாசியைக் கொத்தோடு எடுத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் மெல்ல ஓடும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். 26, 27 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்து நாளில் பொரியும். மஞ்சள் கரு தீர்ந்ததும் முதலில் நீர் நுண்ணுயிர்கள், பிறகு அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் நுண் இறால். பெருவாரியான குஞ்சுகள் சாவது இந்தக் கட்டத்தில்தான். இரையை முன்கூட்டியே வளர்த்து வைத்தவர்தான் குஞ்சைக் கரையேற்றுவார்.

மணல் அள்ளுவதும் அணைகளும் பூச்சிமருந்தும் ஆற்றைக் கெடுக்கும்போது, நாலு வீட்டுத் தொட்டியால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்றைத் தொட்டி காப்பாற்றாது. ஆனால் வாழிடம் சுருங்கிச் சிறுத்துப்போன கூட்டத்தில் வலைவீச்சும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும். அந்த இரண்டாவது சுமையை வளர்ப்பவரே இறக்கி வைக்கலாம். மீன்பிடிப்பவர் பிழைப்பு கெடாதா என்பது அதைவிடக் கனமான கேள்வி. மீனின் இடமும் பருவமும் அறிந்த அவர்கள் கைக்கே இந்த வளர்ப்பு நுட்பமும் போய்ச்சேர வேண்டும், சந்தையில் குஞ்சுக்கு அவர்களுக்கு நல்ல விலையும் கிடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது: மிஞ்சிய குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பெரியாற்றிலோ பரம்பிக்குளத்திலோ விடுவது. தொட்டியின் நோயும் எந்த ஆற்றுக் கூட்டத்தின் வழிவந்தது என்று தெரியாத மரபணுவும் அவற்றோடு போய்க் கலக்கும். மிஞ்சியவை இன்னொரு வளர்ப்பாளரின் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.