பாற்பண்ணை மானியமும் பகிரங்கக் கணக்கும்

கமக்காரர்களே!

மானியம் என்பது வானத்திலிருந்து விழும் பணமன்று. பொதுமக்கள் செலுத்தும் வரிப்பணமேயாகும். சீனியும் துணியும் வாங்குங்கால் நாமும் அவ்வரியைச் செலுத்துகின்றோம். ஆதலால், அப்பணம் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை அறிதல் மக்களின் உரிமையாகும். இவ்வுரிமை வளர்ந்த முறையை ஐரோப்பியப் பாற்பண்ணைகளின் வரலாறு நன்கு விளக்கும்.

மறைந்திருந்த கணக்கு

மேற்கு ஐரோப்பிய நாடுகள் சில ஒன்றுசேர்ந்து 1962 ஆம் ஆண்டில் பொது விவசாயக் கொள்கையை ஏற்படுத்தின. பாலுக்கு உறுதியான விலை கிடைத்தமையால் உற்பத்தி பெருகியது. வெண்ணெயும் பால்மாவும் களஞ்சியங்களில் குவிந்தன. அவற்றைப் பிறநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தோர்க்கும் மானியம் வழங்கப்பட்டது. எனினும், பணம் பெற்றோர் யாவர் என்பது பல்லாண்டுகளாகப் பொதுமக்களுக்குத் தெரியாதிருந்தது.

2004 இல் டென்மார்க்கிலும் 2005 இல் பிரித்தானியாவிலும் பெயர்ப்பட்டியல்கள் வெளிவந்தன. பிரித்தானியப் பட்டியலில் மிகப் பெருந்தொகைகளைப் பெற்றோர் பசுவைக் கறப்போர் அல்லர். சீனி, பாற்பொருள் முதலியவற்றைப் பதனிட்டு ஏற்றுமதி செய்த கம்பெனிகளே. பின்னர், காணியின் பரப்பளவைக் கொண்டு கொடுக்கப்பட்ட நேரடி மானியத்திலும், ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு, பெறுவோருள் நூற்றுக்கு 20 பேரையே சென்றடைந்தமை தெரியவந்தது. கணக்கு மறைந்திருக்கும்வரை சிறு பண்ணையாளனின் பெயரால் பெரியோர் பயனடைதல் எளிது.

வெளியிடுவதற்கும் எல்லையுண்டு

பட்டியல் வெளியிடுவதில் ஒரு சிக்கலும் எழுந்தது. மானியம் பெற்ற ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் வெளியிடவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஜேர்மனியில் மானியம் பெற்ற இருதரத்தார் இதனை எதிர்த்து வழக்கிட்டனர். தொகையையோ காலத்தையோ கருதாது தனி மனிதர் அனைவரின் பெயரையும் வெளியிடுதல் அவர்தம் அந்தரங்க உரிமையை மீறுவதென ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 நவம்பர் 9 இல் தீர்ப்பளித்தது. கம்பெனிகளுக்கு இப்பாதுகாப்பு அவ்வளவாகக் கிட்டவில்லை.

2013 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பெயர்கள் மீண்டும் வெளியிடப்பட்டன. ஆயின், பொதுவாக 1,250 யூரோவுக்கு மேற்படாத தொகையைப் பெறுவோரின் பெயர் மறைக்கப்பட்டது. பெருந்தொகை பெறுவோன் ஊரறியப் பெறவேண்டும். சிறுதொகை பெறுவோன் கூச்சமின்றிப் பெறவேண்டும் என்பதே இதன் கருத்து.

சரிபார்க்கக்கூடிய கணக்கு

பெயர் மட்டும் போதாது. தொகை கணிக்கப்பட்ட முறையும் விளங்கவேண்டும். பால் விலை வீழ்ந்திருந்த 2016 இல், உற்பத்தியைக் குறைக்கும் பண்ணைகளுக்கென ஐரோப்பிய ஒன்றியம் 15 கோடி யூரோவை ஒதுக்கியது. முந்திய ஆண்டின் அதே மாதங்களிற் கொடுத்த பாலைவிடக் குறைத்த ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 14 யூரோ வழங்கப்பட்டது. விதி எளிதாயிருந்தமையால், பால் கொடுத்த பதிவைக் கொண்டு எவனும் தன் தொகையைத் தானே கணித்துக்கொள்ளலாம்.

நமக்குரிய பாடம்

நெற்செய்கைக்கு உரமானியம் நம் நாட்டில் 1962 இல் தொடங்கியது. உரமானாலும் விதையானாலும் அரசாங்க உதவி பற்றி வினவ, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. உரிய அரசாங்க நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயாற் சொல்லலாம். அதனை எழுதிக்கொள்ளுதல் அவ்வலுவலரின் கடமை.

2. தகவலைக் கேட்பதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை.

3. மறுக்கப்பட்டால் 14 நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

4. பொதுநலனோடு தொடர்பற்ற பிறரின் சொந்த விபரங்களைக் கேட்டல் பயன்தராது. விதி யாது, மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை ஏக்கருக்கு வழங்கப்பட்டது எனத் தெளிவாகக் கேட்பதே சிறந்தது.

5. உங்கள் செய்கைப் பரப்பையும் பற்றுச்சீட்டுக்களையும் ஒழுங்காக வைத்திருங்கள். தன் கணக்கைக் காட்டக்கூடியவனே பிறர் கணக்கைத் துணிந்து கேட்கலாம்.

வாய்க்காலின் தலைப்பிலே திறந்துவிட்ட நீரின் அளவு தெரிந்தாற்றான் கடைமடைக்கு வரவேண்டிய பங்கு தெரியும். மானியமும் அத்தகையதே.