சேவலா, பெட்டையா?

மாணவ மாணவியரே, கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்லியே பழகிப்போனவர்கள் ஆசிரியர்கள். நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவனே. ஓய்வு பெற்ற பின்னரும் அப்பழக்கம் என்னை விட்டபாடில்லை. அதனால் ஒரு சிறுமியிடம் நான் நாணி நிற்க நேர்ந்தது. இன்றைய பேச்சு அந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததேயாகும்.

புதுச்சேரியிலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் புறப்பட்டால் நகரின் எல்லையை ஒட்டி வருவது எங்கள் கோட்டக்குப்பம். அங்கே ஒருநாள் வியாபாரி ஒருவர் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றிய கோழிக் குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டு வந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அண்டை வீட்டுச் சிறுமி, தாயார் தையல் வேலையில் சேர்த்த பணத்திலே பத்துக் குஞ்சுகளை வாங்கினாள். முட்டை விற்றுத் தாய்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அவள் திட்டம். “ஐயா, இவற்றில் எத்தனை முட்டையிடும்?” என்று என்னைக் கேட்டாள். “இயற்கை பாதிக்குப் பாதி வைக்கும், ஐந்து பெட்டை இருக்கும்” என்றேன். அவள் அதை நம்பி ஒரு குறிப்பேட்டில் வரவு செலவு எழுதத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு குஞ்சுகளைக் காகம் கொண்டுபோயிற்று. எஞ்சிய எட்டும் சாயம் உதிர்ந்து வெண்ணிறமாக வளர்ந்தன. சில மாதங்களில் எட்டும் கூவின!

பாதிக்குப் பாதி என்னும் என் கணக்கு பிழையன்று. ஆனால் அக்கணக்குப்படி எட்டும் சேவலாக அமைய 256-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அத்தகைய அருமை நிகழும்போது, இயற்கையைக் குறை கூறுமுன், இடையில் எவரேனும் கைவைத்தனரா என்று ஆராய வேண்டும். நான் ஆராயவில்லை. முட்டைக்கென்று வளர்க்கும் இனங்களில் சேவற்குஞ்சு முட்டையிடாது. இறைச்சிக்கும் விரைந்து கொழுக்காது. ஆகவே பொரிப்பகங்களில் பிறந்த நாளிலேயே பெட்டைகளைப் பண்ணைக்குப் பிரித்து அனுப்பிவிடுகின்றனர். கழிக்கப்பட்ட சேவல்களே பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன.

ஒரு நாள் குஞ்சில் இதை எவ்வாறு அறிகின்றனர்? மனிதன் நெடுங்காலம் முட்டையிலேயே விடை தேடினான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் முட்டையின் வடிவத்தைக் கொண்டு பால் சொல்லலாம் என்றார். பின்வந்த ரோமானியரும் வடிவத்தையே நம்பினர், ஆனால் எவ்வடிவத்தில் சேவல் என்பதில் ஒத்துப்போகவில்லை! முட்டைக்கு மேலே நூலில் மோதிரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்போரும் உளர். எதைச் செய்தாலும் பாதி சரியாக வரும். அதனால்தான் இத்தகைய நம்பிக்கைகள் சாவதே இல்லை.

உண்மையான வழியைக் கண்டவர்கள் ஜப்பானியர். மசூயி கியோஷி என்னும் பேராசிரியரும் உடன் ஆராய்ந்தோரும், குஞ்சின் எச்சத் துவாரத்தின் உட்புறத்தில் சேவலுக்குக் கடுகினும் சிறிய மொட்டொன்று இருத்தலைக் கண்டனர். 1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் இச்செய்தி உலகிற்குத் தெரிந்தது. சில பெட்டைகளிலும் சிறு மேடு காணப்படும். ஆதலின் நீண்ட பயிற்சி பெற்ற கண்ணுக்கே வேறுபாடு புலப்படும். தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரித்துவிடுவார். நீங்கள் வீட்டில் முயலவேண்டா. பழகாத விரல் அழுத்தினால் குஞ்சின் குடல் கெடும்.

இரண்டாவது வழி மரபியலைத் தழுவியது. மனிதரில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் குரோமோசோம். கோழியிலோ தாயே தீர்மானிக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக்குஞ்சு தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்தே பெறும். சேவற்குஞ்சு இருவரிடமிருந்தும் பெறும். இப்போது, உடல் முழுதும் வரியோடிய பிளிமத் ராக் பெட்டையை ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவலோடு சேர்ப்போம். வரி தரும் கூறு தாயின் இசட்டில் உள்ளது. அது மகனுக்குப் போகும், மகளுக்குப் போகாது. பிறக்கும்போதே சேவற்குஞ்சின் தலையில் வெண்புள்ளி இருக்கும், பெட்டைக்கு இராது. நீங்கள் பாடத்தில் போடும் பன்னெட் சதுரத்திற்குப் பெயர் தந்த அதே பன்னெட்தான் கேம்பிரிட்ஜில் இத்துறையில் பெரிதும் உழைத்தவர். இதே முறையில் சிறகு விரைந்து முளைக்கும் கூறினையும் அமைத்து, இறக்கையை விரித்துப் பார்த்தே பிரிக்கின்றனர். ஆயின் பெற்றோரை அதற்கெனத் தேர்ந்து இணைத்திருந்தால்தான் இவை பலிக்கும். நம் கொல்லைப்புறத்து நாட்டுக்கோழியின் குஞ்சிடம் செல்லா.

பிரித்தபின் சேவலை என் செய்வது? உலகின் பல நாடுகளில் பிறந்த அன்றே கொன்றுவிடுதல் வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து இதனைச் சட்டத்தால் தடுத்தது. அங்கே முட்டையினுள்ளிருந்து ஒரு துளி நீரை எடுத்துச் சோதித்தும், ஒளியைச் செலுத்தியும் பொரிக்குமுன்னரே பால் அறிகின்றனர். அச்சிறுமியிடம் இதைச் சொன்னபோது, “அப்படியானால் என் எட்டும் தப்பிப் பிழைத்தவை” என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

இனி நாட்டுக்கோழிக்கு வருவோம். இங்கே காத்திருத்தலே முறை. ஐந்து ஆறு வாரங்களில் கொண்டையைப் பாருங்கள். சேவலுக்கு அது பெருத்துச் சிவக்கத் தொடங்கும், தாடியும் தலைகாட்டும். பெட்டையினது சிறுத்து மஞ்சள் பாய்ந்திருக்கும். முட்டையிடும் பருவம் நெருங்கும்போதுதான் சிவக்கும். ஒரு குஞ்சைத் தனியே பார்த்து முடிவு செய்யற்க; ஒரே அடையில் பொரித்தவற்றை அருகருகே வைத்து ஒப்பிடுக. கால் தடிமனும் உதவும். எனினும் நான் பெரிதும் நம்புவது இறகையே. பத்துப் பன்னிரண்டு வாரங்களில் கழுத்திலும், வால் தொடங்கும் முதுகிலும் புதிய இறகு முளைக்கும். ஒன்றைக் கையால் நீவிப் பாருங்கள். நுனி கூர்ந்து பளபளத்தால் சேவல். உருண்டு மழுங்கியிருந்தால் பெட்டை. சண்டையை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பெருவிடைக் கோழிகளில் பெட்டையும் சேவலுக்கு இளைக்காமல் போரிடும். அவ்வினத்திற்குக் கொண்டையும் பட்டாணிபோல் சிறிதாகையால், அங்கே இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டைச் சொல்லிலும் பேணினர். தொல்காப்பிய மரபியல், மயில் நீங்கலாகப் பறவைகளின் ஆணைச் சேவல் என்கிறது. ‘அளகு’ என்னும் பெயரையோ கோழி, கூகை இரண்டின் பெண்ணுக்கே உரியதாக்குகிறது. தமிழாசிரியர் இதைச் சொல்லித் தரும்போது, கொல்லைக் கோழியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிறுமி எட்டுச் சேவலையும் விற்று, தெருக்கோடியில் ஒரு பாட்டியிடம் அடைக்கோழியையும் ஒன்பது குஞ்சுகளையும் வாங்கினாள். இம்முறை நான் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. கால்தோறும் வெவ்வேறு நிற நூல் கட்டி, வாரந்தோறும் கொண்டையையும் இறகையும் குறிப்பேட்டில் பதிந்து வருகிறோம். இதுவரை நான்கு பெட்டை, நான்கு சேவல் என்பதில் இருவரும் உடன்பட்டோம். நீல நூல் கட்டிய ஒன்பதாவதை அவள் பெட்டை என்கிறாள்; நான் சேவல் என்கிறேன். கொண்டை சிறிது, கால் தடிமன். விடியற்காலையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், இன்னும் கூவவில்லை.