உடலுக்கும் பூமிக்கும் ஏற்ற உணவு எது?



இறைச்சி, பால், முட்டையைக் குறைத்து, தானியமும் பயறும் காய்கறியும் அதிகமாக உண்டால் சரீரத்திற்கும் பூமிக்கும் நல்லது என்ற ஆலோசனை இன்று பரவலாகக் கேட்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஈட்-லான்செட் அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய இதுவே. சபைகளில் சிலர் தானியேல் மரக்கறி உண்டதையும் நினைவூட்டுகிறார்கள். இந்த ஆலோசனை பெரும்பாலும் சரியானதே. ஆனால் உண்பவர் யார் என்று பார்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இரு நன்மைகளும் ஒன்றுசேரும் இடத்தைப் பார்ப்போம். 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி உள்ளது. மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறு இவர்களுக்கு ஆகாது. நீர் தேங்கிய வயலின் சேற்றிலிருந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் வெளியேறுகிறது. கேழ்வரகோ குறைந்த மழையிலும் விளையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஆகவே ஒரு வேளைச் சோற்றைக் குறைத்து, கேழ்வரகு அடையோ களியோ அளவாக, காய்கறியும் பயறும் சேர்த்து உண்பது நலம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, இரு நன்மைகளும் பிரியும் இடம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் சிறிதளவே ஏற்கும்; மீனிலும் இறைச்சியிலும் உள்ளதை நன்றாக ஏற்கும். பி-12 வைட்டமின் இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியிலிருந்தே. தினமும் இறைச்சி சமைக்கும் வீட்டில் அதைக் குறைக்கலாம். மாதத்தில் இரண்டொரு முறை மட்டும் சமைக்கும் வீட்டில் குறைக்க என்ன இருக்கிறது? கர்ப்பிணியின் தட்டிலிருந்தும் குழந்தையின் தட்டிலிருந்தும் முட்டையை எடுத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

இரண்டையும் இணைக்க எளிய வழிகள் உண்டு. பயறையும் கேழ்வரகையும் ஊறவைத்து முளைகட்டினால், இரும்புச் சத்தைத் தடுக்கும் பொருள் குறையும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்க்கலாம். சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் சத்து மிகுந்தவை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியைவிடப் பூமிக்கும் பாரம் குறைவு.

பண்டிகை நாட்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிப் பை கொடுக்கும் அன்பானவர்களே, அடுத்த முறை அரிசியைச் சற்றுக் குறைத்து, கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றைச் சேருங்கள். வீட்டில் தாயும் சேயும் இருந்தால், முட்டைக்கும் பாலுக்கும் கொஞ்சம் பணமும் வையுங்கள். எங்களிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் அநேகருக்கு மருந்துச் சீட்டோடு இதுவும் தேவையாயிருக்கிறது.